பால்மோரே ஊற்றுக் குளம்: முதல்முறை போகும் குடும்பங்களுக்கு

டெக்சஸின் மேற்குக் கோடியில் ரீவ்ஸ் கவுன்டி என்றொரு வறண்ட பகுதி. ஐ-10 நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டினாலும் முள்செடியும் புழுதியும்தான் கண்ணில் படும். அந்த இடத்தில் 1.3 ஏக்கர் பரப்பில், அடிவரை தெளிவாகத் தெரியும் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. அது இருக்கும் இடத்தின் பெயர் பால்மோரே ஸ்டேட் பார்க். குளத்தின் அடியிலேயே சான் சாலமன் ஊற்றுகள் பொங்குகின்றன. நாளொன்றுக்குச் சுமார் 1.5 கோடி காலன் தண்ணீர் ஊறி வருகிறது. குளம் கொள்வது சுமார் 35 லட்சம் காலன்தான். அதாவது ஒரே நாளில் குளத்துத் தண்ணீர் நான்கு முறை மாறிவிடுகிறது. குளத்துக்குப் பக்கத்திலேயே டென்ட் போட்டுத் தங்கும் இடமும் உண்டு.

ஆஸ்டின், டாலஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ பக்கம் புதிதாகக் குடிவந்த நம் குடும்பங்கள் பல இங்கே போக ஆசைப்படுகின்றன. அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தையும் ஹோட்டல் குளத்தையும் மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் இதையும் அதே கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே லைஃப்கார்டு இல்லை, குளோரின் இல்லை, சில இடங்களில் ஆழம் 25 அடி. ஊரில் பம்ப்செட் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் குளத்தின் சுபாவம் உடனே பிடிபடும். மற்றவர்கள் கீழே சொல்லும் வரிசையில் தயாரானால் போதும்.

முதலில் குளம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

லீவு போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. டெக்சஸ் ஸ்டேட் பார்க்ஸ் இணையதளத்தில் பால்மோரே பக்கத்தைத் திறந்தால் மேலேயே அறிவிப்புகள் இருக்கும். வருடாந்திரச் சுத்தப்படுத்தலுக்காக வழக்கமாக மே மாதத்தில் சில நாட்கள் குளத்தை மூடுவார்கள். பழைய கட்டுமானம் என்பதால் பெரிய பழுதுவேலையும் வருவதுண்டு. 2018 மே மாதம் சுத்தம் செய்யும்போது டைவிங் போர்டுக்குக் கீழே இருந்த கான்கிரீட் பகுதி சரிந்திருப்பது தெரியவந்தது. அதைச் சரிசெய்து 2019 மார்ச்சில்தான் மறுபடி திறந்தார்கள். குளம் திறந்திருந்து கேம்ப்கிரவுண்ட் மட்டும் மூடியிருக்கும் காலமும் உண்டு, அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஆறேழு மணி நேரம் கார் ஓட்டிப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்தால் குழந்தைகளுக்குச் சமாதானம் சொல்லி முடியாது.

ரிசர்வேஷன் இல்லாமல் கிளம்ப வேண்டாம்

பகலில் மட்டும் போய்வருவதானால் டே பாஸ் எடுக்க வேண்டும். 30 நாள் முன்பிருந்தே முன்பதிவு திறந்திருக்கும். கோடைக்கால வார இறுதிகளில் இடம் சீக்கிரமே நிரம்பிவிடும், நிரம்பிய பிறகு வாசலில் வந்து நின்றால் உள்ளே விட மாட்டார்கள். இரவு தங்குவதானால் 5 மாதம் முன்பே பதிவு செய்யலாம். ஆளுக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் உண்டு, 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு இல்லை. வருடத்தில் சில முறையாவது ஸ்டேட் பார்க்குகளுக்குப் போகிற குடும்பம் வருடாந்திரப் பாஸ் வாங்கிக்கொள்வது லாபம். அதைக் காட்டினால் உங்கள் காரில் வந்த எல்லோருக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் பாஸ் இருக்கிறது என்பதால் இடம் உறுதியாகிவிடாது, அந்த நாளுக்கான ரிசர்வேஷனைத் தனியாகச் செய்தே ஆக வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பகலில் போய்விட்டு வருவதா, இரவு தங்குவதா என்று கேட்டால், ஒரு ராத்திரியாவது தங்குங்கள் என்பேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் குளத்துக்கு வந்து சேரவே பத்து, பதினொரு மணி ஆகிவிடும். குளம் காலை 8 மணிக்குத் திறக்கிறது. டென்டிலிருந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வருகிறவர்களுக்கு அந்த முதல் இரண்டு மணி நேரம் கிட்டத்தட்ட சொந்தக் குளம்தான். கலங்காத தண்ணீரில் மீன்கள் கூட்டம் கூட்டமாகத் தெரிவதும் அப்போதுதான். சாயங்காலம் குளத்தை மூடும் நேரம் பொழுது சாய்வதைப் பொறுத்து மாறும் என்பதால் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கேம்ப்சைட்டில் எட்டுப் பேர்வரை தங்கலாம். நண்பர்கள் குடும்பமும் சேர்ந்து வருவதானால் பக்கத்துப் பக்கத்து இடமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். டென்டில் படுக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் பார்க்குக்கு உள்ளேயே சான் சாலமன் ஸ்பிரிங்ஸ் கோர்ட்ஸ் என்ற பழைய மோட்டல் இருக்கிறது. குளத்தைப் போலவே அதையும் 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் வேலைவாய்ப்புக்காக அமைக்கப்பட்ட சிவிலியன் கன்சர்வேஷன் கோர் இளைஞர்கள்தான் கட்டினார்கள். அறைகள் குறைவு என்பதால் டென்ட் இடத்தைவிட வேகமாகப் போய்விடும்.

எந்த மாதம் போகலாம்

தண்ணீர் வருடம் முழுக்க 72 முதல் 76 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள்தான் இருக்கும். ஜூலையில் வெயில் நூறைத் தாண்டும்போது அது சொர்க்கம். கூட்டமும் அப்போதுதான். ஏப்ரல், செப்டம்பர், அக்டோபரில் வார நாட்களில் போக முடிந்தால் அதுவே உத்தமம். ஜூலை முதல் செப்டம்பர் வரை மத்தியானத்துக்கு மேல் இடிமழை வரக்கூடிய பகுதி இது. இடிச்சத்தம் காதில் விழுந்தவுடன் எல்லோரும் தண்ணீரை விட்டு வெளியேறிக் காருக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப இறங்க வேண்டும். மழை பெய்யவில்லையே என்று குளத்திலேயே இருந்துவிடாதீர்கள்.

என்ன உடுத்துவது

வெளியே கேட்கத் தயங்கினாலும் நம் வீட்டுப் பெண்கள் மனதில் முதலில் எழும் கேள்வி இதுதான். நீச்சலுடை என்றால் அரைகுறையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முழுக்கை ஸ்விம் ஷர்ட், கணுக்கால்வரை வரும் ஸ்விம் லெக்கிங்ஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன. அந்தப் பாலைவன வெயிலுக்கு ஆண்களும் பிள்ளைகளும்கூட அதையே போடுவது நல்லது. உடம்பு முழுக்க சன்ஸ்கிரீன் பூசி அதை ஊற்றுத் தண்ணீரில் கரைக்கவும் வேண்டியிருக்காது. முகத்துக்கும் கைகளுக்கும் மட்டும் பூசி, பதினைந்து நிமிடம் ஊறவிட்டு இறங்கலாம்.

சுடிதார், துப்பட்டா, ஜீன்ஸ், பருத்திப் பாவாடை, வேட்டி எதுவும் வேண்டாம். அழகு, நாகரிகம் பார்த்து இதைச் சொல்லவில்லை. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும், காலைச் சுற்றும், நீந்தத் தெரிந்தவரையே கீழே இழுக்கும். ஆழமான குளத்தில் இது உயிர்ப் பிரச்சினை. தாலிச்சங்கிலி, வளையல், கொலுசு எல்லாவற்றையும் பத்திரப்படுத்திவிட்டு வாருங்கள். 25 அடி ஆழத்தில் விழுந்தால் எடுப்பது லேசு இல்லை.

எடுத்துப்போக வேண்டியவை

ஆளுக்கொரு நீச்சல் கண்ணாடியோ ஸ்நார்க்கல் முகமூடியோ கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் இந்தக் குளத்தில் இறங்கினால் பாதிதான் பார்த்ததாகும். நீந்தத் தெரியாத ஒவ்வொருவருக்கும், பெரியவர்களையும் சேர்த்து, அளவான லைஃப் ஜாக்கெட் வேண்டும். அதன் உள்பக்கத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஒப்புதல் அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கையில் மாட்டும் காற்றடைத்த பட்டை, ரப்பர் வாத்து, வளையம் எல்லாம் விளையாட்டுச் சாமான்தான், உயிர்காக்கும் சாமான் இல்லை.

வழுக்காத தண்ணீர்ச் செருப்பு, ஆளுக்கு இரண்டு துண்டு, கைக்குழந்தைக்கு நீச்சல் டயாப்பர், மடக்கு நாற்காலி, தொப்பி, நிறையக் குடிநீர் இவையெல்லாம் கூடவே இருக்கட்டும். கண்ணாடி பாட்டிலைக் குளத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஊறுகாய் பாட்டிலும் அதில் அடக்கம், பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முகமூடி, காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு, லைஃப் ஜாக்கெட் முதலியவற்றை முன்பு லேக் டிராவிஸ், கேன்யன் லேக் போன்ற ஏரிகளில் பயன்படுத்தியிருந்தால் நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்து எடுத்து வாருங்கள். அந்த ஏரிகளில் வரிக்குதிரைச் சிப்பி எனும் அந்நிய உயிரினம் பரவியிருக்கிறது. ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு அது இந்த ஊற்றுக்கு வந்துவிடக் கூடாது.

வழியில்

ஆஸ்டினிலிருந்து சுமார் ஆறு மணி நேரம், டாலஸிலிருந்து அதைவிடச் சற்று அதிகம், ஹூஸ்டனிலிருந்து எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. எல் பாசோவிலிருந்து வருகிறவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளிக் கணக்குப் போடுங்கள், பால்மோரே சென்ட்ரல் டைமில் இருக்கிறது. கிழக்கிலிருந்து வந்தால் ஃபோர்ட் ஸ்டாக்டனிலும், வடக்கிலிருந்து வந்தால் பேக்கஸிலும் பெட்ரோல், ஐஸ், மளிகை எல்லாம் வாங்கி முடித்துவிடுங்கள். பால்மோரே சின்ன ஊர், அங்கே எல்லாம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பார்க் அந்த ஊரிலிருந்து இன்னும் நான்கு மைல் தள்ளி, டோயாவேல் என்ற இடத்தில் இருக்கிறது. எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த வட்டாரம் என்பதால் லாரிப் போக்குவரத்து பலமாக இருக்கும். இருட்டுவதற்குள் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புவது நல்லது. மேப்பை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேம்ப்கிரவுண்டில்

மத்தியானம் 2 மணிக்கு மேல் கேம்ப்சைட் உங்களுடையது, கிளம்பும் நாளில் 12 மணிக்குள் காலி செய்ய வேண்டும். வாசலில் ரிசர்வேஷன் எண்ணைச் சொன்னால் அனுமதிச் சீட்டு தருவார்கள். அதைக் கார் கண்ணாடியில் தெரியும்படி வையுங்கள். காற்று திடீரென்று பலமாக அடிக்கும் இடம் என்பதால் டென்டின் முளைகளை எல்லாப் பக்கமும் நன்றாக அடித்து இறக்குங்கள். பகலில் எவ்வளவு கொளுத்தினாலும் ராத்திரி குளிரும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் வேண்டும். காலையில் செருப்பு, ஷூவை உதறிவிட்டுப் போடுவது தேள் இருக்கும் நாட்டில் நல்ல பழக்கம். ஹாவலீனா எனும் பன்றிபோன்ற விலங்கு சாப்பாட்டு வாசனைக்கு வரும், அதனால் மிச்சச் சாப்பாட்டைக் கார் டிக்கியில் வைத்துப் பூட்டுங்கள்.

சமைப்பதைப் பொறுத்தவரை, வறண்ட காலத்தில் நெருப்புத் தடை போட்டிருப்பார்கள். தடையில் எதற்கெல்லாம் அனுமதி என்று வாசலிலேயே கேளுங்கள். கேஸ் அடுப்புக்கு விட்டாலும் கரி, விறகுக்கு விட மாட்டார்கள். பார்க்குக்குள் சுள்ளி பொறுக்குவது எப்போதுமே கூடாது. முதல் நாளுக்குப் புளியோதரை, சப்பாத்தி, தொட்டுக்கொள்ளத் தக்காளித் தொக்கு என்று வீட்டிலேயே கட்டிவந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. தயிர்சாதத்தை மட்டும் ஐஸ் போட்ட கூலரிலிருந்து வெளியே எடுத்து வைக்காதீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். பத்துப் பேர் சேர்ந்தால் அந்தாக்ஷரி இல்லாமல் நமக்குப் பொழுது போகாது, அதைப் பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பொது இடத்தில் மது அருந்துவதும் பாட்டிலை வெளியே வைத்திருப்பதும் டெக்சஸ் ஸ்டேட் பார்க்குகளில் தடை.

தண்ணீரில் இறங்கும்போது

முதலில் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி நடந்து வாருங்கள். நடுவில் வட்டமான ஆழப்பகுதி, அதிலிருந்து கைகள்போலப் பிரியும் பகுதிகள் என்று வடிவம் புரியும். எந்தப் படி ஆழமில்லாத பக்கத்துக்கு இறங்குகிறது, டைவிங் போர்டு எங்கே இருக்கிறது என்பதைக் குடும்பம் முழுக்கப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருப்பதே ஒரு ஆபத்து. அடியில் கிடக்கும் கல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும், உண்மையில் இரண்டு ஆள் ஆழத்துக்கு மேல் இருக்கும். நீந்தத் தெரியாதவர் கண்ணை நம்பிக் கால் வைக்கக் கூடாது.

பிறகு, காவலுக்கு ஆள் வையுங்கள். லைஃப்கார்டு இல்லாத குளத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றே அர்த்தம். பெரியவர்களில் நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர், கையில் போன் இல்லாமல், பேச்சில் இறங்காமல், பிள்ளைகளை மட்டும் பார்க்க வேண்டும். கால் மணிக்கொரு முறை ஆள் மாறுங்கள். மாறும்போது, "இனி நான் பார்க்கிறேன், நீங்கள் போங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லி மாற வேண்டும். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை வீசிக் கூப்பிடாது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழும் போய்வர, சத்தமே இல்லாமல் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடக்கூடியது அது. நீந்தத் தெரியாத சிறுபிள்ளை லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்த ஒரு பத்தியை மட்டும் கூட வருகிற எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

படிகளில் பாசி இருக்கும். கைப்பிடியைப் பிடித்து, தண்ணீர்ச் செருப்போடு, ஒவ்வொரு படியாக இறங்குங்கள். முதலில் உடம்பு சிலிர்க்கும், இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். ஒல்லியான பிள்ளைகளுக்கு மட்டும் இந்தக் குளிர்ச்சி சீக்கிரம் ஏறும். உதடு நீலம் பாரித்தால், பல் கிட்டினால், இன்னும் கொஞ்ச நேரம் என்று அழுதாலும் தூக்கிவந்து துண்டு சுற்றி வெயிலில் உட்கார வையுங்கள்.

குளோரின் இல்லாத தண்ணீர் என்பதால் பொறுப்பு நம்முடையது. வயிற்றுப்போக்கு இருப்பவர் யாரும் இறங்கக் கூடாது, சரியான மறுநாளும் வேண்டாம். ஆறாத புண் இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். இறங்குவதற்கு முன் ஷவரில் குளித்து, தலை எண்ணெயைக் கழுவிவிட்டு வாருங்கள். சின்னப் பிள்ளைகளை மணிக்கொரு தரம் கழிவறைக்குக் கூட்டிப் போங்கள். தண்ணீரை விழுங்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.

மீன்கள்

படியில் முழங்கால் அளவில் அசையாமல் உட்கார்ந்தால் சிறு மீன்கள் வந்து காலைக் கொறிக்கும். வலிக்காது, கூச்சம்தான். முகமூடியோடு நடுப்பகுதிக்கு நீந்தி, முகத்தைத் தண்ணீரில் வைத்துக் கீழே பாருங்கள். அடிமணல் ஓரிடத்தில் மெல்லக் கிளம்பிப் புரண்டு, அங்கேயே திரும்ப அமரும், மறுபடி கிளம்பும். ஊற்றின் வாய் அதுதான். அதைச் சுற்றிப் பெரிய கெளுத்தி வகை மீன்கள் நிழல்போல நகரும்.

இந்தக் குளத்தில் கொமாஞ்சி ஸ்பிரிங்ஸ் பப்ஃபிஷ், பேக்கஸ் கம்பூசியா என்ற இரண்டு அழியும் நிலையிலுள்ள மீன் இனங்கள் வாழ்கின்றன. முதல் மீனின் பெயரிலுள்ள கொமாஞ்சி ஊற்றுகள் நீங்கள் வழியில் பெட்ரோல் போட்ட அதே ஃபோர்ட் ஸ்டாக்டனில் இருந்தவை. விவசாயத்துக்காக நிலத்தடி நீரை பம்பு வைத்து இறைத்ததில் 1950களில் அவை வற்றின. பக்கத்திலேயே இருக்கும் ஃபாண்டம் லேக் ஊற்றும் தானாகப் பாய்வதை நிறுத்திவிட்டது. இந்த வட்டாரத்து ஊற்று மீன்களுக்குப் போக்கிடமாக மிஞ்சியவற்றில் சான் சாலமன் முக்கியமானது. ஆகவே பொரி, ரொட்டி, சிப்ஸ் எதையும் போடாதீர்கள், பிள்ளைகள் கையால் பிடிக்கவோ பாட்டிலில் அடைக்கவோ விடாதீர்கள். குளத்தை விட்டு வெளியேறும் தண்ணீர் வாய்க்கால் வழியாக வயல்களுக்குப் போகிறது. அந்த வாய்க்கால்களில் இறங்கக் கூடாது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கும் மாமனார் மாமியாருக்கும் இங்கே வேலை உண்டு. மர நிழலில் நாற்காலி போட்டுப் படியோரம் காலை நனைத்தபடி உட்காரலாம். இறங்கவே விருப்பமில்லை என்றால் 1990களில் மீன்களுக்காக மீட்டெடுத்த சியனேகா எனும் சதுப்பு நிலம் பார்க்குக்குள்ளேயே இருக்கிறது. நடைபாதையில் போய், அங்குள்ள கண்ணாடிச் சாளரம் வழியே தண்ணீருக்கு அடியில் மீன்கள் திரிவதை உடை நனையாமல் பார்க்கலாம். பேரப்பிள்ளைகளோடு காலையில் போக நல்ல இடம்.

காற்றுச் சிலிண்டர் மாட்டி மூழ்கும் ஸ்கூபா டைவிங் செய்கிறவர்கள் சான்றிதழ் அட்டையைக் கொண்டுவர வேண்டும், தனியாக இறங்கக் கூடாது. கற்றுக்கொள்ளாதவர்கள் நண்பரின் கருவியை மாட்டிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

கிளம்பும் முன்

வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் குளித்து, தலையை ஒருபக்கம் சாய்த்துக் காதுத் தண்ணீரை வடித்துத் துடையுங்கள். ஈரத்துணிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கூலரிலிருந்து தள்ளி வையுங்கள். கேம்ப்சைட்டில் ஒரு கறிவேப்பிலைகூட மிச்சம் வைக்காமல் அள்ளிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுங்கள்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் தெற்கே முக்கால் மணி நேரத்தில் ஃபோர்ட் டேவிஸ். அங்கே மலைமேல் மெக்டொனால்ட் வானியல் ஆய்வகம் இரவு நட்சத்திரக் காட்சி நடத்துகிறது, அதற்கும் முன்பதிவு வேண்டும். நாள் முழுக்க நீந்தியவர் அதே இரவில் மலைப்பாதையில் காரோட்டித் திரும்புவது நல்லதல்ல. குளத்துக்கு ஒரு நாள், நட்சத்திரத்துக்கு ஒரு நாள் என்று பிரித்து, இரண்டாம் இரவு ஃபோர்ட் டேவிஸ் பக்கமே தங்கிவிடுங்கள்.